1980-இல் வந்த ‘பெங்கப்டி செத்தான்’: மறுஆக்கத்தைக் கொண்டாடிய நாம் மூலத்தை ஏன் பார்க்கவில்லை?

இரண்டாம்ஆட்டம் (இழையைத் தொடங்கியவர்)

இந்தோனேசிய இயக்குநர் ஜோகோ அன்வர் 2017-இல் எடுத்த ‘பெங்கப்டி செத்தான்’ பேய்ப்படம் பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு ஓடிவிட்டது. இந்தோனேசியாவில் மட்டும் 42 லட்சம் பேர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்த படம், அந்த நாட்டுத் திரைப்பட விருதான சித்ரா விருதுகளில் ஏழு வாங்கியது என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. ஆனால் அது ஒரு மறுஆக்கம் என்பதைச் சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். 1980-இல் சிஸ்வோரோ கௌதம புத்ரா எடுத்த மூலப்படத்தை உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கே மிகக் குறைவு. நானும் சமீபத்தில்தான் பார்த்தேன். பார்த்ததிலிருந்து அதைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் போலிருக்கிறது.

கதை எளிமையானது. முனார்த்தோ ஜகார்த்தாவின் பணக்கார வியாபாரி. அவர் மனைவி மாவர்த்தி இறந்துபோகிறாள். ரீத்தா, டாமி என்று வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டில் கார்த்தோ என்ற வயதான, தொழுகை தவறாத வேலைக்காரர். அம்மா போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ள தர்மினா என்றொரு பெண் வந்து சேர்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள்.

என்னை நிறுத்திவைத்த காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது. இரவு. டாமியின் அறை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே அம்மா நிற்கிறாள். வெள்ளை உடை, மாவு பூசியது போல வெளிறிய முகம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், பின்னால் புகைமூட்டம். இன்றைய கண்ணுக்கு ஒப்பனை அப்பட்டமாகத் தெரியும். ஆனாலும் அந்தக் காட்சி வேலை செய்கிறது. பையன் போர்வைக்குள் ஒடுங்குவதில்லை, அம்மாவைத் தேடி வெளியே போகிறான். அவன் முகத்தில் பயம் பாதி, ஆசை பாதி. செத்துப்போன தாய் ஜன்னலில் வந்து நின்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் கதவைத் திறக்கத் தோன்றாது? இந்தப் படத்தில் பேய் உள்ளே வருவதற்கு வழிவிடுவது பாசம். அதனால்தான் இதைத் துக்கத்தைப் பற்றிய படம் என்கிறேன். அடக்கம் முடிந்ததும் அந்த வீட்டில் யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பா மௌனமாகிவிடுகிறார், மகள் கேளிக்கையில் மறக்கப் பார்க்கிறாள், மகன் மாந்திரீகப் புத்தகங்களைக் கையில் எடுக்கிறான். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து அழுவதே இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் தர்மினா நுழைகிறாள்.

பார்த்தவர்கள் எழுதுங்கள். பார்க்காதவர்கள் முதலில் பாருங்கள்.

---

கறுப்புவெள்ளை

நல்ல அறிமுகம். ஆனால் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இந்தப் படத்தின் எலும்புக்கூடு 1979-இல் வந்த ‘ஃபேன்டஸம்’ என்ற அமெரிக்கப் படத்துடையது. டான் காஸ்கரெல்லி எடுத்தது. மரணம் விழுந்த குடும்பம், நம்பாமல் அலையும் இளைஞன், குறி சொல்லும் பெண், மோட்டார் சைக்கிள், சவ அடக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஜன்னலுக்கு வெளியே மிதக்கும் உருவத்தையும் அதே 1979-இல் ‘சேலம்ஸ் லாட்’ தொலைக்காட்சிப் படத்தில் டோபி ஹூப்பர் காட்டிவிட்டார்.

அந்தக் காலத்து ஜகார்த்தா தயாரிப்பாளர்களுக்கு இது பழக்கம். வெளிநாட்டில் எது ஓடுகிறதோ அதை ஆறு மாதத்தில் உள்ளூரில் எடுத்துவிடுவார்கள். இதே சிஸ்வோரோ 1981-இல் எடுத்த ‘ஸ்ரிகாலா’வும் ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ பாணியில் வந்ததுதான். மறக்கப்பட்ட மாணிக்கம் என்று கொண்டாடுவதற்கு முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

---

இரண்டாம்ஆட்டம்

கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன் நண்பரே. எலும்புக்கூடு அங்கிருந்து வந்ததை மறுக்கவில்லை. எதை எடுத்தார்கள் என்பதைவிட எதை மாற்றினார்கள் என்பதில்தான் படம் இருக்கிறது.

‘ஃபேன்டஸம்’ படத்தில் தீமை ஊருக்கு வெளியே, கல்லறைக் கட்டடத்துக்குள் இருக்கிறது. உயரமான அந்நியன் ஒருவன், பறக்கும் இரும்புப் பந்து, வேற்று உலகத்துக்குத் திறக்கும் வாசல். இங்கே அதெல்லாம் இல்லை. தீமை அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. சோறு போடுகிறது, கதவு திறக்கிறது, ‘துவான்’ (ஐயா) என்று பணிவாகக் கூப்பிடுகிறது. ரூத் பெலுப்பெஸ்ஸி தர்மினாவாக நடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். குரலை உயர்த்துவதில்லை, அவசரப்படுவதில்லை. மற்றவர்கள் பேசும்போது அறையின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அந்த அமைதியைப் பார்த்த பிறகு கடைசிக் கால்மணி நேரத்துப் புகையும் நெருப்பும் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டன.

அமெரிக்கப் படத்தில் பையனைக் காப்பாற்ற அண்ணனும் அவன் நண்பனும்தான் இருந்தார்கள். இங்கே கடைசியில் கியாய் என்ற மார்க்கப் பெரியவர் தலைமையில் ஒரு கூட்டமே ஓதிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. ஒரே எலும்புக்கூட்டில் இரண்டு சமூகங்கள் வேறு வேறு சதையைப் போர்த்தியிருக்கின்றன.

---

கிள்ளான்வாசி

ஐயா, உங்களுக்கெல்லாம் இது கண்டுபிடிப்பு. மலேசியாவில் எங்க தலைமுறைக்கு இந்தோனேசியப் பேய்ப்படம் வீடியோ கேசட் காலத்துச் சங்கதி. மலாய் பள்ளிக்கூடத்துல படிச்சதால பேச்சு புரியும், எழுத்து ஓட வேண்டிய அவசியமில்லை. பேய்ப்பட நாயகி சுசன்னா படம்னா தெருவுல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் ஒரே வீட்டுல கூடிருவோம். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நாங்க, எல்லாரும். பயந்து கத்துறதுல இன வேறுபாடு கிடையாது.

இந்த இழையில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்னு இருக்கு. இந்தப் பக்கத்துப் பேய்ப்பட மரபுக்கு முக்கியமான தொடக்கம் 1957-இல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் பட நிறுவனம் எடுத்த ‘பொந்தியானா’. இயக்குநர் பி. என். ராவ். தமிழ்ல ‘மதனகாமராஜன்’ (1941) எடுத்த அதே ராவ்தான். கதாநாயகி மரியா மெனாடோ, சுலாவெசியிலேர்ந்து வந்தவங்க. தமிழ்ப் பட இயக்குநர், இந்தோனேசிய நடிகை, மலாய்ப் பேய். படம் சக்கைப்போடு போட்டுச்சு, அடுத்தடுத்து பாகங்கள் வந்துச்சு. இன்னைக்கு அந்த முதல் படம் யார்கிட்டயும் இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் ஈயச் சுரங்கக் குட்டையில பிலிம் சுருளை எறிஞ்சிட்டார்னு சொல்வாங்க. அதனால ‘பெங்கப்டி செத்தான்’ பார்க்கக் கிடைக்கிறதே பெரிய கொடுப்பினை. இந்த வகைப் படங்களை யாரும் பத்திரப்படுத்தணும்னு நினைக்கல.

---

ரீல்பெட்டி

கிள்ளான் அண்ணன் தொட்ட இடம்தான் என் ஆதங்கமும்.

ஜகார்த்தாவில் சினிமாத்தேக் இந்தோனேசியா இருக்கிறது. மிஸ்பாக் யூசா பீரான் 1975-இல் தொடங்கிய ஆவணக்காப்பகம். தென்கிழக்கு ஆசியாவில் அப்படி ஒன்று அமைந்தது அதுவே முதல் முறை. அசிடேட் பிலிம் ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் அழுக ஆரம்பித்தால் புளிக்காடி வாடை வரும். அந்த வாடை வந்துவிட்டால் அழிவைத் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊரில் குளிரூட்டி ஓடாத ஒவ்வொரு மணி நேரமும் பிலிமின் ஆயுளைத்தான் தின்கிறது.

பணம் குறைவாக இருக்கும்போது எதைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். உஸ்மார் இஸ்மாயிலின் ‘லேவாத் ஜாம் மாலாம்’ (1954) இத்தாலியின் போலோன்யா ஆய்வகத்தில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் வெளிவந்தது. ‘தீகா தாரா’ 2016-இல் திரும்பத் தியேட்டருக்கு வந்தது. இரண்டும் மதிப்புக்குரிய படங்கள், காப்பாற்றியே தீரவேண்டியவை. ஆனால் பேய்ப்படம் என்றால் கௌரவம் இல்லை என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் அவற்றைத் தேடி எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ரசிகர்களும் சிறு நிறுவனங்களும்தான். எச். ஜூத் ஜாலில் எடுத்த ‘மிஸ்டிக்ஸ் இன் பாலி’ (1981) இங்கிலாந்தின் மோண்டோ மக்காப்ரோ டிவிடி வழியாகத்தான் உலகம் சுற்றியது. நாம் பேசும் படத்தை அமெரிக்காவின் செவரின் ஃபிலிம்ஸ் 2020-இல் ப்ளூரேவாகக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஜப்பானில் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேடிக்கைப் பெயரில் விஎச்எஸ் வந்திருந்தது. சொந்த நாட்டில் தேய்ந்த வீசிடியும் யாரோ ஏற்றிய மங்கல் பிரதியும்தான் வெகுகாலம் கிடைத்தன.

ஒளிப்பதிவு எஃப். இ. எஸ். தாரிகான். மங்கல் பிரதியில் பார்த்தால் இரவுக் காட்சிகள் வெறும் கறுப்புச் சேறு. சுத்தமான பிரதியில் பார்த்தால் மூடுபனிக்குப் பின்னாலிருந்து வரும் நீல வெளிச்சம் உருவத்தின் ஓரத்தை மட்டும் கீறிக் காட்டுவது தெரியும். இந்தப் படத்தை மட்டமானது என்று சொன்னவர்களில் பலர் பார்த்தது மட்டமான பிரதியை.

---

நாகூர்க்காற்று

இரண்டாம்ஆட்டம் துக்கம் என்று சொன்னதை எங்கள் பக்கத்து வழக்கத்தோடு வைத்துப் பார்க்கிறேன். அப்போது இன்னும் ஆழமாகப் புரிகிறது.

ஜாவாவில் ஒருவர் மவுத்தானால் (இறந்தால்) 3, 7, 40, 100 என்று நாள் கணக்கு வைத்து அக்கம்பக்கத்தார் கூடி ஓதுவார்கள். ஆயிரமாவது நாள் வரைக்கும் போகும். தஹ்லில் என்பார்கள். ஓதி முடித்ததும் சோற்றுப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். நாகூர், காயல்பட்டினம் பக்கமும் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிற வீடுகள் உண்டு. மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா இல்லையா என்ற சர்ச்சை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த நாற்பது நாளில் துக்க வீட்டைத் தனியாக விடாமல் ஊர் பார்த்துக்கொள்கிறது. முனார்த்தோவின் வீடு தொழுகையை விட்ட வீடு என்று படமே சொல்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் நாற்பதாம் நாள் யார் ஓத வருவார்கள்? மதில் உயரம், கார் பெரிது, அக்கம்பக்கம் என்று யாரும் இல்லை. மார்க்கத்துக்குத் திரும்புங்கள் என்று ஒரு பெரியவர் வந்து சொல்லும்போது காது கொடுக்க ஆள் இல்லை. வீட்டில் ஓதிக்கொண்டிருந்த ஒரே மனிதர் கார்த்தோ. அவரைத்தான் தர்மினா முதலில் தீர்த்துக்கட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் ரீத்தாவின் காதலன் ஹெர்மன். இந்த வரிசையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கார்த்தோவாக நடித்த தாம்சிக் பின்னாளில் ‘சீத்தி நுர்பாயா’ தொலைக்காட்சித் தொடரில் டத்தோ மரிங்கியாக வந்து நாடு முழுவதும் வெறுக்கப்பட்ட வில்லன். இதில் இருமிக்கொண்டே நடமாடும் நல்லவர். அவர் தூக்கில் தொங்கும் காட்சியைத் தாங்க முடியவில்லை.

---

கறுப்புவெள்ளை

நாற்பதாம் நாள் விளக்கம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அந்த முடிவு உங்களுக்கு நெருடவில்லையா? எண்பதுகளின் இந்தோனேசியப் பேய்ப்படம் எதை எடுத்தாலும் கடைசியில் கியாய் வருவார், ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தை ஓதுவார், பேய் எரிந்துபோகும். தணிக்கை அதிபர் சுகார்த்தோ ஆட்சியின் கையிலிருந்த காலம். 1981-இல் தேசியத் திரைப்படக் கவுன்சில் தயாரிப்பு நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. நன்மை வெல்லவேண்டும், இறைநம்பிக்கை உயர்த்திக் காட்டப்படவேண்டும் என்பது அதன் சாரம். ரத்தமும் சதையும் காட்ட விரும்பிய தயாரிப்பாளருக்குக் கியாய்தான் அனுமதிச் சீட்டு. இதைத் துக்கத்தின் தத்துவம் என்று வாசிப்பது அதிகப்படி.

---

நாகூர்க்காற்று

நெறிமுறை 1981, படம் 1980. சட்டம் வருவதற்கு முன்பே இந்த முடிவை வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் அனுமதிச் சீட்டுக் கியாய்கள் உண்மைதான், எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ முளைப்பார்கள். இங்கே அந்தக் குரல் ஆரம்பத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு மாந்திரீகரை வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். தர்மினாவிடம் அவர் தோற்று உயிரையே விடுகிறார். குறி சொல்பவள் டாமிக்குக் காட்டிய வழியும் பில்லிசூனியம்தான், அதுவும் உதவவில்லை. குறுக்குவழிகள் எல்லாம் அடைபட்ட பிறகுதான் கதவு திறக்கிறது.

கடைசிக் காட்சியையும் மறக்காதீர்கள் (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). குடும்பம் பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அங்கே தர்மினாவின் முகம் மறுபடி தெரிகிறது. தணிக்கைக்காக மட்டும் எடுத்த முடிவென்றால் அந்த முகத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

---

தேன்சிட்டு

எல்லோரும் தர்மினாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அவள் விஷயத்தில்தான் மனத்தாங்கல். படத்தின் மேல், அவளுக்காக.

பணக்கார வீட்டுக்குள் வேலைக்கு வரும் பெண்தான் சைத்தான். அவள் எங்கிருந்து வந்தாள், யார் பெற்ற பெண், எதுவும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. எண்ணெய்ப் பணத்தில் ஜகார்த்தாவில் புதுப் பணக்காரர்கள் உருவாகி, கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வீட்டுவேலைக்கு வந்த காலம் அது. அடுப்படியில் நிற்பவளை எஜமானர்கள் எவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதற்கு இந்தப் படமே சாட்சி. நல்ல வேலைக்காரரும் இருக்கிறாரே, கார்த்தோ, என்பீர்கள். அவர் ஆண், அவர் கிழவர், அவர் செத்துப்போகிறார்.

இதே சிஸ்வோரோ அடுத்த ஆண்டே ‘சுண்டெல்போலோங்’ எடுத்தார். சுசன்னா நடித்தது. அங்கே பேயாகும் பெண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பாலியல் தொழிலை விட்டு வெளியே வந்து கல்யாணம் செய்துகொண்டவளைக் கும்பலாகச் சீரழிக்கிறார்கள். அவள் செத்துத் திரும்பி வந்து ஒவ்வொருவனாகத் தீர்க்கிறாள். முதுகில் குழி விழுந்த அந்த உருவம் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) கடையில் உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்னும் காட்சி இந்தோனேசியாவில் எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே நம் மனசு பேயின் பக்கம் நிற்கிறது. இங்கே நிற்க இடம் கொடுக்கவில்லை. ரூத் பெலுப்பெஸ்ஸி நடிப்பால் கொடுத்த கண்ணியத்தைத் திரைக்கதை கொடுக்கவில்லை.

---

இரண்டாம்ஆட்டம்

தேன்சிட்டு சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நீங்கள் சொல்லும் வர்க்க பயம் படத்தில் இருக்கிறது. அதை இயக்குநர் கேள்வி கேட்கவில்லை என்பதும் சரி. ஆனால் எஜமானர்களைப் படம் அப்பாவிகளாகக் காட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள்தான் என்று கடைசிவரை குற்றம் சாட்டிக்கொண்டே போகிறது.

ஜோகோ அன்வருக்கும் இது உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். 2017 படத்தில் தர்மினாவே கிடையாது. பணக்கார வீடும் கிடையாது, கடன்பட்ட குடும்பம், ஊருக்கு வெளியே பழைய வீடு. தீமையின் வேர் அம்மாவின் கடந்த காலத்துக்கு மாறிவிட்டது. ஓதினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற உறுதியையும் எடுத்துவிட்டார். அங்கே உஸ்தாதே (மார்க்க ஆசான்) தோற்றுப்போகிறார். மேடானில் வளர்ந்த சிறுவனாக மூலத்தைப் பார்த்தவர், மூலத்தைத் தயாரித்த ராப்பி ஃபிலிம்ஸிடம் பத்து ஆண்டுகளுக்கு மேல் உரிமை கேட்டு நடந்தவர், ஒவ்வொரு மாற்றத்தையும் காரணமில்லாமல் செய்திருக்க மாட்டார். அவர் படம் மூலத்தோடு நடத்தும் வாக்குவாதம் மூலத்தைப் பார்த்தால்தான் காதில் விழும். மறுஆக்கம் பிடித்த எல்லோரையும் இந்தப் பக்கம் இழுக்கப் பார்ப்பது அதனால்தான்.

---

கிள்ளான்வாசி

தயாரிப்பாளர் பேரைச் சொல்ல மறந்துட்டீங்க. கோப் சம்தானி, ராப்பி ஃபிலிம்ஸ். சிந்திக்காரர். அந்தக் காலத்துல ஜகார்த்தா வணிகப் படத்துறையில இந்திய வம்சாவளி ஆளுங்க நிறைய, ராம் சொராயா, ராம் பஞ்சாபின்னு. கிராமத்துல வேட்டித் திரை மாதிரி வெட்டவெளியில திரை கட்டி ஓட்டுவாங்க, லாயார் தஞ்சாப். தூறல் போட்டா கூட்டம் கலைஞ்சிரும். இவங்க படமெல்லாம் அந்தக் கூட்டத்துக்காக எடுத்தது. மழை வந்தாலும் எழுந்து போகாம உட்கார வைக்கணும்ல, அதான் பத்து நிமிஷத்துக்கு ஒரு பேய்.

---

கறுப்புவெள்ளை

இரவு மறுபடி பார்த்தேன், இந்த முறை நல்ல பிரதியில், இந்தோனேசியக் குரலில். நகல் என்ற என் கருத்தை விடவில்லை. ஆனால் தர்மினா ஓரத்தில் நிற்கும் காட்சிகளைக் குறித்துக்கொண்டே பார்த்தேன். ரீல்பெட்டி சொன்ன நீல வெளிச்சமும் இருக்கிறது. டப்பிங் பிரதியில் பார்க்கவேண்டாம் என்று புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்வேன். அந்தக் குரல்கள் படத்தைக் கொன்றுவிடுகின்றன.

அடுத்து எதைப் பார்ப்பது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

---

இரண்டாம்ஆட்டம்

ஒன்றே ஒன்று என்றால் ‘ரத்து இல்மு ஹித்தாம்’, 1981. இயக்கம் லிலிக் சுஜியோ, எழுத்து இமாம் தந்தோவி, மறுபடியும் ராப்பி ஃபிலிம்ஸ். சூனியக்காரி என்று பழிசுமத்தி ஊர் ஒரு பெண்ணை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுகிறது. பிழைத்து எழுந்து, அவர்கள் சொன்ன பழியையே உண்மையாக்கப் பழகுகிறாள். சுசன்னாதான் அந்தப் பெண். அவளுக்கு வித்தை கற்றுத்தரும் மந்திரவாதி யார் தெரியுமா? இங்கே முனார்த்தோவாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்த அதே டபிள்யூ. டி. மொக்தார். தேன்சிட்டு கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தில் கொஞ்சம் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் பார்த்துவிட்டு அங்கே வாருங்கள்.